பழைய கணிப்பொறி கண் விழிக்க மறுத்தால்...

நம் குடும்பங்களில் பலவற்றில் ஒரு பழைய கணிப்பொறி இருக்கிறது. கட்டிலுக்கு அடியிலோ, பரணிலோ, பழைய துண்டு ஒன்றைப் போர்த்திக்கொண்டு கிடக்கும். பிள்ளைகளின் படிப்புக்காகக் கடன் வாங்கி வாங்கியது. பிறகு எல்லோர் கைக்கும் செல்போன் வந்துவிட்டதால் மறந்துபோனது. திடீரென்று ஒரு நாள் மூத்தவளின் பள்ளிச் சான்றிதழோ, ஊர் வீட்டுப் பத்திரத்தின் ஸ்கேன் பிரதியோ, மறைந்துபோன பெரியவர் ஒருவரின் புகைப்படமோ தேவைப்படுகிறது. துண்டை விலக்கிப் பித்தானை அழுத்துகிறோம். அது அசைய மறுக்கிறது.

உடனே அதைத் தூக்கிக்கொண்டு கடைக்கு ஓடுகிறோம். கடைக்காரர் இரண்டு நிமிடம் பார்த்துவிட்டு, “மதர்போர்டு கராப் ஹை” என்பார். எக்ஸ்சேஞ்சில் புதியது எடுத்துக்கொள்ளச் சொல்வார். அல்லது, “ஃபார்மட் செய்து தருகிறேன், புதிதுபோல ஓடும்” என்பார். அவரைக் குறை சொல்வதற்கில்லை. அவருக்கு இயந்திரம் ஓடினால் போதும். நமக்கோ உள்ளே இருப்பது வேண்டும். இந்த வேறுபாட்டை வாய்விட்டுச் சொல்லாமல் கணிப்பொறியைக் கொடுத்துவிட்டு, பிறகு வருந்திய குடும்பங்கள் பல.

தில்லியில் நம்மவர் வீடுகளில் இத்தகைய கணிப்பொறிகளைப் பல ஆண்டுகளாகப் பார்த்துவருகிறேன். அந்த அனுபவத்தில் ஒன்றை உறுதியாகச் சொல்வேன். கணிப்பொறி கிளம்பவில்லை என்பதற்கும் அதில் உள்ளவை அழிந்துவிட்டன என்பதற்கும் பெரும்பாலும் சம்பந்தமே இல்லை. நாம் சேமித்தவை எல்லாம் ஹார்டு டிஸ்க் என்ற தனிப் பெட்டியில் இருக்கின்றன. வீட்டுக் கதவின் பூட்டு துருப்பிடித்ததால் உள்ளே இருக்கும் நகை காணாமற் போய்விடுமா? பூட்டைப் பொறுமையாகத் திறக்க வேண்டும். முடியாவிட்டால் வேறு வழியாக நகையை எடுக்க வேண்டும். அந்த முறையைத்தான் இங்கே படிப்படியாகச் சொல்லப்போகிறேன்.

கணிப்பொறி எப்படி எழுந்திருக்கிறது?

பித்தானை அழுத்தியதும் முதலில் வேலை செய்வது எஸ்.எம்.பி.எஸ். என்னும் மின்வழங்கிப் பெட்டி. சுவரிலிருந்து வரும் 230 வோல்ட் மின்சாரத்தை 12, 5, 3.3 வோல்ட்டுகளாகக் குறைத்து மதர்போர்டுக்குத் தருகிறது. மின்சாரம் சீராக இருக்கிறது என்ற சைகை கிடைத்த பிறகே பிராசஸர் வேலையைத் தொடங்கும். அது முதலில் பயாஸ் என்ற நிரந்தரச் சிறு நிரலைப் படிக்கிறது. பயாஸ் ராம் நினைவகத்தையும், திரைக்குப் படம் அனுப்பும் பகுதியையும், கீபோர்டையும் சோதிக்கிறது. எல்லாம் சரியென்றால் ஹார்டு டிஸ்க்கைத் தேடி, அதிலுள்ள விண்டோஸை நினைவகத்துக்கு ஏற்றுகிறது.

மின்சாரம், சோதனை, டிஸ்க் என்ற இந்த வரிசை எப்போதும் மாறுவதில்லை. எந்தப் படியில் அது நின்றுபோகிறது என்று கண்டுபிடித்தால் பாதி வேலை முடிந்தது. ஆத்திரக்காரனுக்குப் புத்தி மட்டு என்பார்கள். முதற்படியைப் பார்க்காமல் கடைசிப் படிக்குத் தாவி, விண்டோஸை மறுபடி ஏற்றுவது அந்த வகை.

கை வைக்கும் முன்

சுவர் ஸ்விட்சை அணைத்தால் மட்டும் போதாது, பிளக்கையே பிடுங்கிவிடுங்கள். 1995-க்குப் பிறகு வந்த ஏ.டி.எக்ஸ். வகைக் கணிப்பொறிகளில், அணைத்திருக்கும்போதும் மதர்போர்டில் 5 வோல்ட் ஓடிக்கொண்டிருக்கும். பிளக்கைப் பிடுங்கிய பின் பவர் பித்தானைச் சில விநாடிகள் அழுத்திப் பிடித்தால் மிச்ச மின்சாரமும் வடிந்துவிடும்.

எஸ்.எம்.பி.எஸ். பெட்டியையும் பழைய குழாய் மானிட்டரையும் எக்காரணம் கொண்டும் திறக்காதீர்கள். எஸ்.எம்.பி.எஸ்ஸின் உள்ளே 300 வோல்ட்டுக்கு மேல் தேங்கி நிற்கக்கூடும். குழாய் மானிட்டரில் அது ஆயிரக்கணக்கான வோல்ட். அணைத்த பிறகும் இவை சிறிது நேரம் உயிரோடு இருக்கும்.

வட இந்தியக் குளிர்காலத்தில் இன்னொரு ஆபத்து உண்டு. வறண்ட காற்றில் கம்பளி ஸ்வெட்டர் அணிந்து நடமாடினாலே உடம்பில் நிலைமின்சாரம் ஏறிவிடுகிறது. கதவுக் கைப்பிடியைத் தொட்டால் சுரீரென்று அடிப்பது இதுதான். நமக்கு அது ஒரு கணச் சுருக். ராம் சில்லுக்கோ உயிர்ப்பலி. ஸ்வெட்டரைக் கழற்றிவைத்துவிட்டு, கேபினெட்டின் வர்ணம் பூசாத இரும்புப் பகுதியைத் தொட்டபின் உள்ளே கை விடுங்கள்.

முதற்படி: மின்சாரம்

பித்தானை அழுத்தினால் விளக்கும் இல்லை, விசிறிச் சத்தமும் இல்லை என்றால் கோளாறு மின்சாரத்தில் இருக்கிறது. பல வீடுகளில் கணிப்பொறியை யு.பி.எஸ். மூலம் இணைத்திருப்பார்கள். யு.பி.எஸ்ஸின் பாட்டரி சில ஆண்டுகளில் செத்துவிடும். செத்த பாட்டரியோடு பல யு.பி.எஸ்கள் மின்சாரத்தையே விட மறுக்கும். ஆகவே முதலில் யு.பி.எஸ்., எக்ஸ்டென்ஷன் பெட்டி எல்லாவற்றையும் ஒதுக்கிவிட்டு, வேறொரு கணிப்பொறியின் பவர் கேபிளைக் கொண்டு நேராகச் சுவர் பிளக்கில் செருகிப் பாருங்கள். இந்த ஒரு சோதனையிலேயே எழுந்து உட்கார்ந்த கணிப்பொறிகளைக் கண்டிருக்கிறேன்.

பின்புறம் எஸ்.எம்.பி.எஸ்ஸில் ஒரு சிறு ஸ்விட்ச் இருக்கும். குழந்தைகளோ துடைப்பமோ தட்டிவிட்டிருக்கலாம். சில பழைய பெட்டிகளில் சிவப்பு நிறத்தில் 115, 230 என்று எழுதிய இன்னொரு ஸ்விட்சும் உண்டு. நம் நாட்டில் அது 230-இல்தான் இருக்க வேண்டும். 115-இல் வைத்துப் போட்டால் ‘படார்’ என்று எஸ்.எம்.பி.எஸ். வெடித்துவிடும்.

கேபினெட்டைத் தொட்டால் விரல் ‘விர்’ரென்று கூசுகிறதா? அந்த வீட்டுப் பிளக்கில் எர்த் இணைப்பு சரியாக இல்லை என்று பொருள். வாடகை வீடுகளில் இது சர்வ சாதாரணம். எலெக்ட்ரீஷியனை அழைத்து அதைச் சரிசெய்த பிறகே மேற்கொண்டு தொடுங்கள்.

இவை எல்லாம் சரியாக இருந்தும் உயிர் வரவில்லையென்றால், அதே வகை எஸ்.எம்.பி.எஸ். ஒன்றை மாற்றிப் போட்டுப் பார்க்க வேண்டும். மாற்றிப் பார்க்காமல் மதர்போர்டின் மீது பழி போடுவது முறையல்ல. தில்லியில் நேரு பிளேஸ், மும்பையில் லாமிங்டன் ரோடு, பெங்களூரில் எஸ்.பி. ரோடு, கொல்கத்தாவில் சாந்தினி சவுக் போன்ற கணிப்பொறிச் சந்தைகளில் பழைய பாகங்களைத் தேடிப் பார்க்கலாம்.

மடிக்கணினி என்றால் முதலில் அடாப்டரைச் சந்தேகியுங்கள். பாட்டரி கழற்றக்கூடிய வகையானால் அடாப்டரையும் பாட்டரியையும் நீக்கிவிட்டு, பவர் பித்தானை அரை நிமிடம் அழுத்திப் பிடியுங்கள். பிறகு அடாப்டரை மட்டும் செருகி இயக்கிப் பாருங்கள்.

இரண்டாம் படி: விசிறி சுற்றுகிறது, திரை இருட்டு

முதலில் மானிட்டருக்கு மின்சாரம் வருகிறதா, அதன் கேபிள் இறுக்கமாக இருக்கிறதா என்று பாருங்கள். கணிப்பொறியில் தனி கிராஃபிக்ஸ் கார்டு இருந்தால் மானிட்டர் கேபிளை அதில்தான் செருக வேண்டும். மடிக்கணினியின் திரை இருட்டாக இருந்தால் ஒரு டார்ச்சை அதன்மேல் சாய்வாக அடித்துப் பாருங்கள். மங்கலாக எழுத்து தெரிந்தால் கணிப்பொறி உயிரோடுதான் இருக்கிறது. திரையின் பின்விளக்கு மட்டுமே போய்விட்டது. அப்படியானால் வேறு மானிட்டரை இணைத்து வேலையை முடித்துக்கொள்ளலாம்.

அடுத்து, காது கொடுத்துக் கேளுங்கள். திரை வேலை செய்யாதபோது பயாஸ் ‘பீப்’ ஒலிகளால் பேசும். அவார்டு நிறுவன பயாஸ் உள்ள பழைய போர்டுகளில் ஒரே ஒரு குறுகிய ஒலி, எல்லாம் நலம் என்பதற்கு அடையாளம். ஒரு நீண்ட ஒலியும் இரண்டு குறுகிய ஒலிகளும் சேர்ந்து வந்தால் திரைப் பகுதியில் கோளாறு. நீண்ட ஒலி விட்டு விட்டுத் தொடர்ந்து வந்தால் ராம் நினைவகத்தைப் பாருங்கள். பயாஸுக்குப் பயாஸ் இந்த மொழி மாறும். மதர்போர்டின் கையேட்டில் விவரம் இருக்கும்.

இடம் மாறி இடம் மாறி வாழும் நம்மைப் போன்ற குடும்பங்களில் இந்தக் கோளாறுதான் அதிகம். மாற்றல் உத்தரவு வந்ததும் வீட்டுச் சாமான்களோடு கணிப்பொறியும் லாரியில் ஏறுகிறது. ஆயிரம் இரண்டாயிரம் கிலோமீட்டர் குலுங்கி வரும்போது ராம் பலகையும் கார்டுகளும் மயிரிழை அளவு நகர்ந்துவிடுகின்றன. மும்பை, கொல்கத்தா போன்ற ஊர்களின் மழைக்கால ஈரமும், தில்லியின் கோடைக்காலப் புழுதிக் காற்றும் தம் பங்குக்கு அவற்றின் முனைகளில் படலம் ஏற்படுத்துகின்றன.

வைத்தியம் எளிது. பிளக்கைப் பிடுங்கிவிட்டு, ராம் பலகையின் இருபுறக் கொக்கிகளையும் விலக்கி அதை வெளியே எடுங்கள். அதன் பொன்னிற முனைகளைப் பள்ளிக்கூட ரப்பரால் மென்மையாகத் தேய்த்து, உலர்ந்த துணியால் துகள்களைத் துடையுங்கள். செருகுமிடத்துத் தூசியை மென்மையான பிரஷ்ஷால் நீக்குங்கள். பலகையில் உள்ள வெட்டும் செருகுமிடத்து மேடும் பொருந்தும்படி வைத்து, கொக்கிகள் ‘டிக்’ என்று பூட்டும் வரை அழுத்துங்கள். இரண்டு பலகைகள் இருந்தால் ஒவ்வொன்றாகப் போட்டுப் பாருங்கள். சவுண்ட் கார்டு, மோடம் போன்ற அவசியமற்றவற்றை எல்லாம் கழற்றிவிட்டு, மிகக் குறைந்த பாகங்களோடு இயக்கிப் பார்ப்பதும் நல்ல முறை.

ஓடத் தொடங்கி ஓரிரு நிமிடத்தில் தானாக அணைந்தால் வெப்பம் காரணமாக இருக்கலாம். பிராசஸரின் மேலுள்ள விசிறி சுற்றுகிறதா, அதன் அடியில் தூசி மெத்தைபோல் படிந்திருக்கிறதா என்று கவனியுங்கள்.

மதர்போர்டில் சிறு உருளைகளாக நிற்கும் கெபாசிட்டர்களையும் ஒரு முறை நோக்குங்கள். அவற்றின் தலை தட்டையாக இருக்க வேண்டும். பூரிபோல உப்பியோ, பழுப்பு நிறக் கசிவோடோ இருந்தால் அவை கெட்டுவிட்டன. 2000-ஐ ஒட்டிய ஆண்டுகளில் தயாரான பல போர்டுகளில் தரமற்ற கெபாசிட்டர்கள் இடம்பெற்றது உலகறிந்த செய்தி. இதை நல்ல எலெக்ட்ரானிக்ஸ் மெக்கானிக் ஒருவர் மாற்றித் தருவார்.

மூன்றாம் படி: காசு வடிவப் பாட்டரி

மதர்போர்டில் ஒரு ரூபாய் நாணயம் போன்ற பாட்டரி ஒன்று இருக்கும். பெரும்பாலும் சி.ஆர். 2032 என்ற 3 வோல்ட் பாட்டரி. கணிப்பொறியின் கடிகாரத்தையும் அமைப்புக் குறிப்புகளையும் காப்பது இதன் வேலை. மின் இணைப்பின்றிக் கணிப்பொறி கிடக்கக் கிடக்க இது தீர்ந்துபோகும். அப்போது தேதி பல ஆண்டுகள் பின்னோக்கிப் போய்விடும். ‘சிமாஸ் செக்சம் எரர்’ என்ற அறிவிப்போடு கணிப்பொறி நின்றுவிடும்.

பயந்துவிட வேண்டாம். பாட்டரியை அதே முகம் மேலே இருக்கும்படி மாற்றி, பயாஸில் தேதியையும் நேரத்தையும் சரிசெய்தால் போதும். ஆனால் ஒன்று. குறிப்புகள் அழிந்ததால் எந்த டிஸ்க்கிலிருந்து கிளம்ப வேண்டும், டிஸ்க்கை எந்த முறையில் கையாள வேண்டும் என்பவையும் மாறியிருக்கலாம். விண்டோஸ் பாதியில் நீலத் திரையோடு நின்றால் இதையும் சந்தேகியுங்கள். அந்த நேரத்தில் ‘விண்டோஸ் கெட்டுவிட்டது, ஃபார்மட் செய்யலாம்’ என்று யாராவது சொன்னால் தயவுசெய்து தடுத்துவிடுங்கள்.

நான்காம் படி: ஹார்டு டிஸ்க்

திரையில் எழுத்துகள் வருகின்றன; ஆனால் ‘டிஸ்க் பூட் ஃபெயிலியர்’ என்றோ ‘ஆபரேட்டிங் சிஸ்டம் நாட் ஃபவுண்ட்’ என்றோ நிற்கிறது. முதலில் ஃப்ளாப்பி, சி.டி., பென்டிரைவ் ஏதாவது மாட்டிக்கொண்டிருக்கிறதா என்று பாருங்கள். கணிப்பொறி அதிலிருந்து கிளம்ப முயன்று தோற்றிருக்கலாம். அடுத்து, அணைத்துவிட்டு டிஸ்க்கின் இரு கேபிள்களையும் கழற்றித் திரும்பச் செருகுங்கள்.

டிஸ்க்கிலிருந்து ‘டக், டக்’ என்று சீரான சத்தம் வந்தால் உடனே அணைத்துவிடுங்கள். உள்ளே படிக்கும் முனை தடுமாறுகிறது. ஒவ்வொரு முறை இயக்கும்போதும் சேதம் அதிகமாகலாம். அதில் உள்ளவை விலைமதிப்பற்றவை என்றால் தரவு மீட்பையே தொழிலாகச் செய்பவர்களிடம்தான் கொடுக்க வேண்டும். செலவு கணிசமாக இருக்கும்.

சத்தம் இல்லையென்றால் வழி எளிது. நான்கு திருகாணிகளைக் கழற்றி டிஸ்க்கை வெளியே எடுங்கள். அகலமான பட்டைக் கேபிள் இருந்தால் அது ஐ.டி.ஈ. வகை, மெல்லிய கேபிள் இருந்தால் 2003 முதல் சந்தைக்கு வந்த சாட்டா வகை. இரண்டுக்கும் யு.எஸ்.பி. அடாப்டர் கிடைக்கிறது. டெஸ்க்டாப் டிஸ்க் என்றால் தனி மின் இணைப்போடு கூடிய அடாப்டரை வாங்குங்கள். அதன்மூலம் வேறொரு கணிப்பொறியில் பென்டிரைவ்போல இணைக்கலாம். விண்டோஸ் 98, எக்ஸ்.பி. காலத்து டிஸ்க்குகளை இன்றைய விண்டோஸ் தாராளமாகப் படிக்கும்.

இங்கே ஓர் எச்சரிக்கை. இணைத்தவுடன், ‘இந்த டிஸ்க்கை ஃபார்மட் செய்யவா?’ என்று கணிப்பொறி கேட்கக்கூடும். வேண்டாம் என்றே சொல்லுங்கள். ‘பிழை இருக்கிறது, சரிசெய்யவா?’ என்றாலும் அப்போதைக்கு வேண்டாம். முதலில் பிரதி, பிறகுதான் பழுது. அந்தக் காலத்து 40 அல்லது 80 ஜிபி டிஸ்க்கில் உள்ளது முழுவதும் இன்று ஒரு 128 ஜிபி பென்டிரைவில் அடங்கிவிடும்.

எழுத்து புரியவில்லை என்று அழித்துவிடாதீர்கள்

மூன்று மாநிலங்கள் மாற்றலாகித் தில்லிக்கு வந்த ஒரு குடும்பம். அவர்கள் வீட்டில் பென்டியம் 4 கணிப்பொறி ஒன்று கிளம்ப மறுத்தது. போர்டு போய்விட்டது என்று ஒரு கடையில் சொல்லிவிட்டார்கள். பார்த்தபோது ராம் பலகை இடம்பெயர்ந்திருந்தது, பாட்டரியும் தீர்ந்திருந்தது. ஒரு மணி நேரத்தில் விண்டோஸ் எக்ஸ்.பி. திரை வந்துவிட்டது. மறைந்த தாத்தாவின் பெயரில் ஒரு ஃபோல்டர் இருந்தது. உள்ளே இருந்த கோப்புகளைத் திறந்தால் ஆங்கில எழுத்துகளும் குறிகளும் கலந்த ஏதோ பிதற்றல். “வைரஸ் போலிருக்கிறது, அழித்துவிடவா மாமா?” என்றான் பேரன்.

வைரஸ் அல்ல, தமிழ். யூனிகோடு பரவுவதற்கு முன் தமிழைக் கணிப்பொறியில் ஒவ்வொருவரும் ஒவ்வொரு முறையில் தட்டச்சு செய்தோம். பாமினி, டிஸ்கி என்று பல வகைகள் இருந்தன. 1999-இல் சென்னையில் நடந்த தமிழ்நெட் 99 மாநாட்டையொட்டித் தமிழ்நாடு அரசு டாம், டாப் என்ற முறைகளை அறிவித்தது. 2010-இல் யூனிகோடை ஏற்றது. பழைய முறைகள் பலவற்றில், அதற்குரிய எழுத்துரு இல்லையென்றால் தமிழ் தமிழாகத் தெரியாது.

அந்தக் கணிப்பொறியின் விண்டோஸ் ஃபோல்டருக்குள் இருந்த ஃபான்ட்ஸ் பகுதியிலேயே உரிய எழுத்துரு இருந்தது. கோப்பில் அதைத் தேர்ந்தெடுத்ததும் எழுத்துகள் தமிழாயின. தாத்தா எழுதிவைத்திருந்தது குலதெய்வக் கோயிலின் கதை, கொள்ளுத்தாத்தா காலத்திலிருந்து யார் யாருக்குப் பிள்ளை என்ற வம்சாவளி, பாட்டி பாடிய தாலாட்டுகள். பேரனுக்குத் தமிழ் எழுத்துக்கூட்டித்தான் படிக்க வரும். அவன் தாயார் நின்றபடியே படித்துக்கொண்டிருந்தார். அடுப்பில் வைத்த பால் பொங்கி வழிந்தது.

ஆகவே டிஸ்க்கைப் பிரதி எடுக்கும்போது ஆவணங்களோடு ஃபான்ட்ஸ் பகுதியையும் சேர்த்து எடுங்கள். எழுத்துரு கையில் இருந்தால் படிக்கலாம். அது எந்த முறை என்று தெரிந்தால் மாற்றி நிரல்கள்மூலம் யூனிகோடுக்கும் மாற்றிக்கொள்ளலாம். மூலக் கோப்புகளை மட்டும் அழிக்காமல் அப்படியே வைத்திருங்கள்.

மீட்ட பிறகு

பிரதி ஒன்று இருந்தால் பிரதியே இல்லை என்று கொள்ளுங்கள். இரண்டு எடுத்து, ஒன்றை ஊரில் இருக்கும் தம்பி வீட்டிலோ அக்கா வீட்டிலோ வைத்துவிடுங்கள்.

உயிர் பெற்ற கணிப்பொறியை இணையத்தில் இணைத்து வங்கி வேலை பார்க்காதீர்கள். விண்டோஸ் எக்ஸ்.பி.க்குப் பாதுகாப்புத் திருத்தங்கள் வருவது 2014 ஏப்ரலிலும், விண்டோஸ் 7-க்கு 2020 ஜனவரியிலும் நின்றுவிட்டன. விண்டோஸ் 10-க்கான பொதுவான ஆதரவும் 2025 அக்டோபரில் முடிந்தது. தட்டச்சுப் பழகவும், பழைய சி.டி.க்களைப் பார்க்கவும் அது தாராளமாகப் போதும்.

இனிப் பயன்படாது என்று முடிவு செய்தால் டிஸ்க்கை மட்டும் கழற்றி வைத்துக்கொண்டு மிச்சத்தைக் கொடுங்கள். கபாடிவாலாவிடம் எடை போட்டுக் கொடுப்பதைவிடப் பதிவு பெற்ற மின்கழிவு நிறுவனத்திடம் கொடுப்பது நல்லது. 2023 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் உள்ள மின்கழிவு மேலாண்மை விதிகள் இதற்கு வழி செய்திருக்கின்றன.

வீட்டிலுள்ள பெரியவர்களிடம் இந்த வாரமே ஒரு கேள்வி கேட்டுவிடுங்கள்: “அந்தப் பழைய கணிப்பொறியில் நீங்கள் என்ன வைத்திருக்கிறீர்கள்?” எந்த ஃபோல்டர், என்ன பெயர், எந்தத் தமிழ் எழுத்துரு என்று அவர்கள் சொல்வதை ஒரு தாளில் குறித்துக்கொள்ளுங்கள். பிறகு ஞாயிற்றுக்கிழமை காலையில், நல்ல வெளிச்சத்தில், ஸ்க்ரூடிரைவரை எடுக்கலாம்.